உடல் எடையும் ஹார்மோனைக் குழப்பும் ரசாயனங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளாஸ்டிக் டப்பா, வாசனை சோப்பு, பில் காகிதம் என்று தினமும் கையில் புழங்கும் பொருட்களில் இருக்கும் ரசாயனங்கள் உடம்பைப் பெருக்க வைக்குமா என்ற பேச்சு எழுந்தாலே, சுற்றிச் சுற்றி ஒரே சந்தேகங்கள்தான் வருகின்றன. பாதிப் பேர் பயந்துபோய்க் கேட்கிறார்கள், மீதிப் பேர் இதெல்லாம் கட்டுக்கதை என்ற முடிவோடு கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன். கேள்விகள் அவரவர் கேட்ட விதத்திலேயே இருக்கின்றன.

ஹார்மோனைக் கெடுக்கிற கெமிக்கல்னு சொல்றாங்களே, அப்படின்னா என்ன?

தைராய்டு, கணையம், சினைப்பை போன்ற சுரப்பிகள் ரத்தத்தில் விடும் செய்திதான் ஹார்மோன். அது போய்ச் சேர வேண்டிய செல்லில் ஓர் ஏற்பி இருக்கும், ஹார்மோன் அதில் பொருந்தியதும் செல் தன் வேலையைத் தொடங்கும். வெளியிலிருந்து உடம்புக்குள் வரும் சில ரசாயனங்களின் வடிவம் ஹார்மோனின் வடிவத்தை ஒத்திருப்பதால் கள்ளச்சாவி மாதிரி அதே ஏற்பியில் போய் உட்கார்ந்துகொள்ளும். சில அதைத் தேவையில்லாத நேரத்தில் திறந்துவிடும், சில திறக்க விடாமல் அடைத்துக்கொள்ளும். இன்னும் சில, ஹார்மோன் உற்பத்தியாகும் அளவையோ அது சிதையும் வேகத்தையோ மாற்றிவிடும்.

உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டமும் 2012-ல் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை, இப்படிச் செய்வதாகத் தெரிந்தவையும் சந்தேகிக்கப்படுபவையுமாக ஏறத்தாழ 800 ரசாயனங்கள் இருப்பதாகச் சொல்கிறது. அவற்றில் முறையாகச் சோதித்துப் பார்க்கப்பட்டவை கொஞ்சம்தான்.

அதுக்கும் உடம்பு பெருக்கிறதுக்கும் என்ன சம்பந்தம்? அதிகமா சாப்பிடறோம், நடக்கறதில்ல, அவ்வளவுதானே?

சாப்பாடும் உடலுழைப்பும் முக்கியம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் எப்போது பசிக்க வேண்டும், எப்போது போதும் என்று தோன்ற வேண்டும், சாப்பிட்டதில் எவ்வளவை எரிக்க வேண்டும், எவ்வளவைக் கொழுப்பாகச் சேர்த்து வைக்க வேண்டும் என்பதையெல்லாம் தீர்மானிப்பதில் லெப்டின் (போதும் என்று மூளைக்குச் சொல்லும் ஹார்மோன்), இன்சுலின், தைராய்டு ஹார்மோன் எல்லாவற்றுக்கும் பெரிய பங்கு உண்டு. அந்தக் கணக்கில் கை வைத்தால் எடையும் மாறும்.

ஒரு ரசாயனத்தால் எடை கூடுமா என்று சந்தேகப்படுபவர்கள் மருந்துகளைப் பார்த்தாலே போதும். ஸ்டீராய்டு மாத்திரையை நீண்ட நாள் எடுத்தால் பசி அதிகமாகி எடை ஏறுவது எல்லா டாக்டர்களுக்கும் தெரியும். பயோக்ளிடசோன் என்ற சர்க்கரை நோய் மருந்து, கொழுப்புச் செல்கள் உருவாவதைத் தூண்டும் பிபிஏஆர் காமா என்ற ஏற்பியில் வேலை செய்கிறது. சர்க்கரை குறையும், எடை கூடும். இதே ஏற்பியில்தான் அடுத்த பதிலில் வரும் ரசாயனமும் போய் உட்காருகிறது.

இதை முதல்ல யார் கண்டுபிடிச்சாங்க?

2006-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் ஃபீலிக்ஸ் க்ரூன், புரூஸ் பிளம்பர்க் என்ற இருவர் ட்ரைபியூட்டைல்டின் என்ற ரசாயனத்தை ஆராய்ந்தார்கள். கப்பலின் அடிப்பாகத்தில் சிப்பியும் பாசியும் ஒட்டாமல் இருக்க அடிக்கும் பெயிண்டில் சேர்க்கப்பட்டது அது. கடலில் அது கரைந்து பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு முளைக்க வைத்தது அதற்கு முன்பே தெரிந்த விஷயம். இவர்கள் கண்டது, கருவுற்ற எலிக்கு அதைக் கொடுத்தபோது குட்டிகளுக்குக் கொழுப்பு கூடுதலாகச் சேர்ந்தது. இந்த வகை ரசாயனங்களுக்கு ஒபிசோஜென் என்று பெயர் வைத்ததும் அவர்கள்தான். அந்தக் கப்பல் பெயிண்டை உலக அளவில் தடை செய்யும் ஒப்பந்தம் 2008-ல் நடைமுறைக்கு வந்தது, அதுவும் நத்தைகளுக்காகத்தான், மனிதர்களின் எடைக்காக அல்ல.

இவர்களுக்கு முன்பே 2002-ல் பவுலா பெய்லி ஹாமில்டன் என்ற ஆய்வாளர், உலகெங்கும் பருமன் ஏறிய காலமும் செயற்கை ரசாயன உற்பத்தி ஏறிய காலமும் ஒத்துப்போவதைக் காட்டி ஒரு கட்டுரை எழுதியிருந்தார். இரண்டும் ஒரே காலத்தில் ஏறியது என்பது மட்டும் ஆதாரமாகாது. ஆனால் பலரைத் தேட வைத்தது அந்தக் கட்டுரை.

எந்தெந்தப் பொருள்ல எல்லாம் இருக்கு?

அதிகம் ஆராயப்பட்டவற்றை மட்டும் சொல்கிறேன். பிஸ்ஃபீனால் ஏ, சுருக்கமாக பிபிஏ: கண்ணாடி போலத் தெளிவாகவும் கெட்டியாகவும் இருக்கும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கில், உணவு டின்களின் உட்பூச்சில், பில் காகிதத்தில். தாலேட்டுகள்: பிவிசி பிளாஸ்டிக்கை வளைய வைக்க, வாசனைப் பொருட்களில் மணம் நிலைக்க. பாரபென்: க்ரீம், ஷாம்பு கெடாமல் இருக்க. பிஎஃப்ஏஎஸ் என்ற பெருங்குடும்பம்: எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாத காகிதம், துணி, சில தீயணைப்பு நுரைகளில், அவற்றிலிருந்து குடிநீரிலும். இவை போக டிடிடி போன்ற பழைய பூச்சிக்கொல்லிகள், சில பூஞ்சைக்கொல்லிகள், புகையிலைப் புகை.

என் உடம்புலயும் இருக்குமா? டெஸ்ட் எடுத்துப் பாக்கலாமா?

அநேகமாக இருக்கும். அமெரிக்காவில் 2003-04-ல் 6 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் எடுத்த சிறுநீர் மாதிரிகளில் 100-க்கு 93-ல் பிபிஏ இருந்தது.

டெஸ்ட் எடுப்பதால் உங்களுக்குப் பெரிய பயன் கிடையாது. பிபிஏ, தாலேட் இரண்டும் சில மணி நேரத்தில் இருந்து ஒரு நாளுக்குள் பெருமளவு சிறுநீரில் வெளியேறிவிடும். காலையில் எடுத்தால் ஒரு எண், மாலையில் எடுத்தால் வேறு எண். எந்த அளவைத் தாண்டினால் எடை கூடும் என்று சொல்ல ஒரு கோடும் இல்லை. வெளியேறிவிடுகிறதே, அப்புறம் என்ன கவலை என்று நினைக்க வேண்டாம், தினமும் மறுபடி உள்ளே போய்க்கொண்டே இருப்பதால்தான் எந்த நாள் பார்த்தாலும் கண்ணில் படுகிறது. பிஎஃப்ஏஎஸ் கதையே வேறு, அவற்றில் சில ரத்தத்தில் பாதியாகக் குறையவே வருடக்கணக்காகும்.

அளவு ரொம்ப ரொம்ப கம்மிதானே? அவ்வளவு துளி என்ன பண்ணிடும்?

இது நல்ல கேள்வி, நிறைய பேர் தடுமாறும் இடமும் இதுதான். அளவு கூடினால் கேடும் கூடும் என்பது பொதுவாக விஷங்களுக்குச் சரி. ஆனால் ஹார்மோன்கள் ரத்தத்தில் இருக்கும் அளவே மிக மிகச் சொற்பம், அந்தச் சொற்பத்துக்கு வேலை செய்யும்படிதான் ஏற்பிகள் அமைந்திருக்கின்றன. அதனால் அவற்றைப் போலவே நடிக்கும் ரசாயனமும் சிறு அளவிலேயே வேலை காட்ட முடியும், சில சமயம் பெரிய அளவில் காட்டுவதற்கு நேர் எதிராகவும்.

டயெத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜென் (பெண் ஹார்மோன்) இதற்கு உதாரணம். கருச்சிதைவைத் தடுக்கும் என்று நம்பிப் பல வருடங்கள் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்துவந்தார்கள். அப்படிப் பிறந்த பெண்களிடம் அரிய வகைப் புற்றுநோய் வந்தது 1971-ல் தெரிந்த பிறகுதான் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கக் கூடாது என்ற எச்சரிக்கை வந்தது. பிற்பாடு ரெத்தா நியூபோல்டு குழுவினர் பிறந்த எலிக்குட்டிகளுக்கு இதை மிகக் குறைந்த அளவில் சில நாட்கள் மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். சின்ன வயதில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. வளர்ந்த பிறகு, மற்ற எலிகளைப் போலவே வளர்க்கப்பட்டும், இவை மட்டும் பருத்துப்போயின. பெரிய அளவு கொடுத்த குட்டிகளோ முதலில் இளைத்தன. பெரிய அளவை மட்டும் சோதித்து அன்றைக்கே எடை பார்த்திருந்தால், இது இளைக்க வைக்கும் மருந்து என்றே முடிவு கட்டியிருப்பார்கள்.

எலிக்குத்தான் நிரூபிச்சிருக்காங்க. மனுஷனுக்கு நிரூபணம் இருக்கா?

எலிக்கு இருக்கும் அளவுக்கு உறுதியாக இல்லை. கர்ப்பிணிகளுக்கு ரசாயனம் கொடுத்துச் சோதிக்க முடியாது, சோதிக்கவும் கூடாது. அதனால் ஏற்கெனவே உடம்பில் இருப்பதை அளந்து, வருடக்கணக்கில் தொடர்ந்து பார்ப்பதுதான் வழி. அதில் வழுக்கும் இடங்கள் பல. சிறுநீரில் பிபிஏ அதிகமுள்ள பிள்ளைகள் பருமனாக இருப்பதாக 2012-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது, 2,800-க்கும் மேற்பட்ட பிள்ளைகளை வைத்துச் செய்தது. ஆனால் டின்னிலும் பாக்கெட்டிலும் வரும் உணவை அதிகம் சாப்பிடும் பிள்ளைக்கு எடையும் கூடும், பிபிஏவும் கூடும். எது காரணம், எது கூடவே வந்தது என்று பிரிப்பது கஷ்டம். கருவில் பட்ட பிபிஏவைப் பார்த்த ஆய்வுகளும் ஒத்துப்போவதில்லை, கலிஃபோர்னியாவில் நடந்த ஒன்றில் தாயிடம் பிபிஏ அதிகமிருந்த பெண் குழந்தைகள் 9 வயதில் ஒல்லியாகவே இருந்தார்கள்.

மனிதர்களிடம் வலுவாக நிற்கும் ஆதாரம் வேறு இடத்தில் இருக்கிறது. கர்ப்பத்தில் புகைபிடித்த தாய்மார்களின் குழந்தைகள் எடை குறைவாகப் பிறக்கிறார்கள், பிறகு அதிக எடைக்குப் போகும் வாய்ப்போ மற்றக் குழந்தைகளைவிடச் சுமார் 50 சதவீதம் அதிகம். பல நாடுகளில் திரும்பத் திரும்பக் கண்டது இது. கருவில் பட்ட ரசாயனம் பல வருடம் கழித்து எடையில் தெரியலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான மனித உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

அப்போ நான் குண்டா இருக்கிறதுக்கு இதுதான் காரணமா?

ஒரு தனி மனிதரைப் பார்த்து அப்படிச் சொல்ல யாராலும் முடியாது. மரபணு, சாப்பாடு, தூக்கம், மருந்துகள், மன அழுத்தம், வேலை எல்லாம் சேர்ந்துதான் எடை. ரசாயனங்களின் பங்கு உண்மையானது என்று நான் நம்புகிறேன், அது முதல் காரணம் என்று நம்பவில்லை.

ஆனால் ஒன்று. உடம்பில் கொழுப்புச் செல்கள் எத்தனை என்பது சிறுவயதிலும் இளமையிலுமே ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது. அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் பரவிய கார்பன் 14-ஐ வைத்துச் செல்களின் வயதைக் கணக்கிட்டு 2008-ல் சுவீடன் விஞ்ஞானிகள் இதைக் காட்டினார்கள். வருடம் சுமார் 10 சதவீதச் செல்கள் செத்துப் புதிதாக முளைக்கின்றன, மொத்த எண்ணிக்கை மட்டும் மாறுவதில்லை, எடை குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகும்கூட. அப்படியானால் கருவிலும் குழந்தைப் பருவத்திலும் அந்த எண்ணிக்கையைக் கூட்டிவிடும் எதுவும் ஆயுளுக்கும் கூடவே வரும். வாயைக் கட்டாததால்தான் இப்படி என்று ஒருவரைப் பார்த்துச் சொல்வதற்கு முன்னால் இதையும் யோசிக்க வேண்டும்.

கர்ப்பமா இருக்கேன். இதெல்லாம் படிச்சதும் பயமா இருக்கு. என்ன பண்ணணும்?

பயப்பட வேண்டாம், கவனம் வைத்தால் போதும். புகை முதலில்: நீங்கள் பிடிக்காவிட்டாலும் வீட்டில் பிடிப்பவர் வெளியே போய்ப் பிடிக்கட்டும். பூச்சி மருந்து தெளிப்பது, பெயிண்ட் அடிப்பது, பழைய பெயிண்டைச் சுரண்டுவது எல்லாவற்றையும் வேறு யாராவது செய்யட்டும். சூடான உணவைப் பிளாஸ்டிக்கில் போடாதீர்கள், டின் உணவைக் குறையுங்கள். டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்து எதையும் இதைப் படித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள்.

தாய்ப்பாலில் இவை கலந்து வருமே, கொடுக்கலாமா என்றும் கேட்கிறார்கள். கலந்துதான் வருகிறது. அது தெரிந்தே உலக சுகாதார நிறுவனம் முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும் போதும் என்கிறது, ஏனென்றால் கிடைக்கும் நன்மை அவ்வளவு பெரியது. தாராளமாகக் கொடுங்கள். பவுடர் பால் கொடுக்க வேண்டியிருந்தால் சுடுதண்ணீரில் கலக்குவதைக் கண்ணாடி அல்லது எவர்சில்வர் பாத்திரத்தில் செய்துவிட்டு, ஆறிய பிறகு பாட்டிலில் ஊற்றுங்கள். சுடுதண்ணீரோடு பிளாஸ்டிக் பாட்டிலைக் குலுக்கும்போதுதான் நுண்துகள்கள் அதிகம் உதிர்கின்றன.

பிபிஏ இல்லாததுன்னு போட்ட பாட்டில் வாங்கிட்டேன். இனி பிரச்சினை இல்லையே?

பிபிஏ இல்லை என்பது உண்மையாக இருக்கலாம். அதற்குப் பதில் என்ன போட்டார்கள் என்பதை அந்த லேபிள் சொல்லாது. பில் காகிதம் உட்படப் பல பொருட்களில் பிபிஏவை எடுத்துவிட்டு பிபிஎஸ், பிபிஎஃப் என்று அதன் உடன்பிறப்புகளைச் சேர்த்தார்கள். ஆய்வகத்தில் பார்த்தால் அவையும் ஏறக்குறைய அதே வேலையைச் செய்கின்றன. எனக்கு உண்மையிலேயே கோபம் வரும் இடம் இது. வாங்குபவர் அக்கறையோடு தேடிக் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறார், அவருக்குக் கிடைப்பது பெயர் மாற்றம். தண்ணீருக்கு எவர்சில்வர் அல்லது கண்ணாடி பாட்டில் வாங்கிவிட்டால் இந்த ஆராய்ச்சியே தேவையில்லை.

பிளாஸ்டிக் டப்பாவுக்கு அடியில முக்கோணத்துக்குள்ள நம்பர் இருக்கே, அதைப் பாத்து வாங்கலாமா?

ஓரளவுக்கு உதவும். 3 என்றால் பிவிசி, தாலேட் இருக்க வாய்ப்புண்டு. 7 என்பது இதர வகை எல்லாம் சேர்ந்தது, பாலிகார்பனேட்டும் அதற்குள் வரும். 2-ம் 5-ம் உணவுக்குப் பரவாயில்லை. ஆனால் அந்த எண், மறுசுழற்சிக்குப் பிரிப்பதற்காக வந்தது, பாதுகாப்புச் சான்றிதழ் அல்ல.

எண்ணைவிட மூன்று விஷயத்தைப் பாருங்கள்: சூடு, எண்ணெய், பழசு. சூட்டில் ரசாயனம் வேகமாகக் கசியும், தாலேட் போன்றவை எண்ணெயில் எளிதாகக் கரையும். பல வருடம் கழுவிக் கழுவி உட்புறம் மங்கலாகி, விரலால் தடவினால் சொரசொரப்பாக இருக்கும் டப்பா, புதியதைவிட அதிகம் விடும். மைக்ரோவேவில் வைக்கலாம் என்று எழுதியிருப்பது பெரும்பாலும் டப்பா உருகாது, நெளியாது என்பதற்கான உத்தரவாதம்தான்.

பில் பேப்பர்லகூட இருக்காமே, நிஜமா?

நிஜம்தான். வழவழப்பான பில்லை நகத்தால் அழுத்திக் கீறிப் பாருங்கள், கறுப்புக் கோடு விழுந்தால் அது மை இல்லாமல் சூட்டினால் அச்சாகும் காகிதம். அதன் மேல் பிபிஏவோ பிபிஎஸ்ஸோ தூளாகப் பூசப்பட்டிருக்கலாம், தொட்டாலே விரலில் ஒட்டும். கையில் க்ரீமோ சானிடைசரோ ஈரமாக இருக்கும்போது பிடித்தால் இன்னும் அதிகமாகத் தோலுக்குள் போகும். எப்போதாவது வாங்குபவருக்கு இது சின்ன விஷயம், மடித்துப் பையில் போட்டுவிட்டு அப்புறம் கை கழுவினால் சரி. நாள் முழுக்க பில் கிழித்துக் கொடுக்கும் கேஷியர்களைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும், அதிலும் கர்ப்பிணியாக இருப்பவர்களைப் பற்றி.

பழக்கத்தை மாத்தினா உடம்புல இருக்கிறது குறையுமா, இல்ல சும்மா மனத் திருப்தியா?

குறையும், அதுவும் சீக்கிரமே. 2011-ல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் 75 பேரை 5 நாள் தினமும் டின் சூப் குடிக்க வைத்தார்கள். இன்னொரு வாரம் அதே ஆட்களுக்கு டின்னில் வராத சூப். டின் சூப் வாரத்தில் சிறுநீரில் பிபிஏ 12 மடங்குக்கு மேல் கூடியிருந்தது. கலிஃபோர்னியாவில் 100 பதின்ம வயதுப் பெண்களுக்குப் பாரபென், தாலேட், ட்ரைக்ளோசான் (சோப்பில் சேர்க்கும் கிருமிக்கொல்லி) இல்லாத சோப்பும் ஷாம்பும் மேக்கப்பும் கொடுத்து, மூன்றே நாள் கழித்துப் பார்த்தபோது இரண்டு முக்கியப் பாரபென்கள் 40 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தன, ட்ரைக்ளோசான் 36 சதவீதம், வாசனைப் பொருட்களில் வரும் தாலேட்டின் தடயம் 27 சதவீதம்.

அப்போ எல்லாத்தையும் மாத்திட்டா எத்தனை கிலோ குறையும்?

இதற்கு ஒரு எண் சொல்பவரை நம்பாதீர்கள். மேலே சொன்ன ஆய்வுகள் அளந்தது உடம்பில் இருக்கும் ரசாயனத்தை, எடையை அல்ல. பெரியவர்களுக்கு டப்பாவை மாற்றியதால் எடை குறையும் என்று எதிர்பார்ப்பதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் டின்னையும் பாக்கெட்டையும் குறைத்துச் சமைத்துச் சாப்பிடத் தொடங்கினால் எடை குறைய வாய்ப்பு உண்டு, அதற்கு ரசாயனமே காரணமாக இருக்க வேண்டியதில்லை.

டயட்ல குறைச்ச எடை திரும்பத் திரும்ப ஏறுதே, அதுக்கும் இதுக்கும் தொடர்பு உண்டா?

இருக்கலாம். அமெரிக்காவில் அதிக எடையுள்ள 621 பேர் 2 வருடம் டயட்டில் இருந்தார்கள், அவர்களின் ரத்தத்தில் பிஎஃப்ஏஎஸ் எவ்வளவு என்பதும் அளக்கப்பட்டது. 2018-ல் வெளிவந்த முடிவு: முதல் 6 மாதத்தில் எடை குறைந்ததற்கும் பிஎஃப்ஏஎஸ் அளவுக்கும் தொடர்பில்லை. ஆனால் அதன்பின் எடை திரும்ப ஏறியபோது, அளவு அதிகமிருந்த பெண்களுக்கு மற்றவர்களைவிடச் சுமார் 2 கிலோ கூடுதலாக ஏறியது. ஓய்வாக இருக்கும்போது உடல் எரிக்கும் ஆற்றலும் அவர்களுக்குக் குறைந்திருந்தது. ஒரு ஆய்வு மட்டும் போதாது. ஆனாலும் டயட்டைக் கைவிட்டுவிட்டாய் என்று திட்டு வாங்கும் பெண்களுக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

நான்-ஸ்டிக் பாத்திரம் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பூச்சு உரிந்திருந்தாலோ, காலியாக அடுப்பில் காய விடும் பழக்கம் இருந்தாலோ மாற்றுங்கள். ஆனால் பிஎஃப்ஏஎஸ் உடம்புக்குள் வருவதில் தண்ணீருக்கும் உணவுக்கும்தான் பெரிய பங்கு.

கொழுப்புல தங்கியிருக்கிற நஞ்சு, இளைச்சா ரத்தத்துல கலந்துடுமாமே? டீடாக்ஸ் குடிக்கலாமா?

முதல் பாதி உண்மை. டிடிடி, ஒரு காலத்தில் மின்சாதனங்களில் பயன்பட்ட பிசிபி போன்ற பழைய ரசாயனங்கள் கொழுப்பில் தங்கும், வேகமாக இளைத்தால் ரத்தத்தில் அவற்றின் அளவு கூடும். அதற்காக இளைக்காமல் இருந்துவிடாதீர்கள், பருமனால் வரும் கேடு அதைவிடப் பெரிது. மெதுவாக இளையுங்கள்.

டீடாக்ஸ் பானம், பொடி, பாதத்தில் ஒட்டும் பட்டை எதுவும் இவற்றை வெளியேற்றாது. பிபிஏவையும் தாலேட்டையும் கல்லீரலும் சிறுநீரகமும் அன்றன்றைக்கே வெளியேற்றிக்கொண்டுதான் இருக்கின்றன. பணத்தை வீணாக்காதீர்கள்.

இவ்வளவு தெரிஞ்சும் ஏன் தடை பண்ண மாட்டேங்கறாங்க?

கொஞ்சம் கொஞ்சமாக நடக்கிறது. குழந்தைகளின் பால் பாட்டிலில் பிபிஏ கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2011-லும் அமெரிக்கா 2012-லும் சொல்லிவிட்டன. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-ல் பிபிஏவுக்கான தினசரி வரம்பை ஒரே அடியாக 20,000 மடங்கு குறைத்தது. 2024 டிசம்பரில் உணவைத் தொடும் பொருட்களில் அதைத் தடை செய்யும் சட்டம் வந்தது. ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் அந்த வரம்பை ஏற்கவில்லை, அதைவிட 1,000 மடங்கு அதிகமான வரம்பே போதும் என்றது. ஒரே ஆதாரங்களைப் பார்த்துவிட்டு இரண்டு நிபுணர் குழுக்கள் இவ்வளவு தூரம் விலகி நிற்பதிலிருந்தே இது எவ்வளவு சிக்கல் என்று புரியும்.

இன்னொரு காரணம் சோதனை முறையிலேயே இருக்கிறது. ரசாயனங்களை ஒவ்வொன்றாகச் சோதிக்கிறார்கள், நமக்குள் போவதோ கலவை. வழக்கமான விஷச் சோதனையில் எலி இளைத்தால் அது கேட்டின் அறிகுறி, பருத்தால் பல காலம் யாரும் அதைக் கேடாகக் குறித்துக்கொள்ளவில்லை. தனி மனிதர் சமையலறையில் செய்யக்கூடியது ஓர் எல்லை வரைதான், குடிநீரில் வரும் பிஎஃப்ஏஎஸ்ஸை யாரும் டப்பா மாற்றித் தடுக்க முடியாது. அது சட்டத்தால்தான் நடக்க வேண்டும்.

என் பிள்ளைக்கும் பேரப்பிள்ளைக்கும்கூட இது போகுமா?

எலிகளில் போகிறது. ட்ரைபியூட்டைல்டின் கொடுக்கப்பட்ட தாயின் நான்காம் தலைமுறை ஆண் எலிகள்கூடக் கொழுப்புள்ள உணவு கிடைத்ததும் மற்றவற்றைவிட அதிகம் பருத்தன, அவற்றின் மேல் அந்த ரசாயனம் பட்டதே இல்லை.

மனிதர்களில், 1960-களில் கலிஃபோர்னியாவில் பிரசவித்த பெண்களின் ரத்த மாதிரிகளைச் சேமித்து வைத்திருந்தார்கள், டிடிடி தாராளமாகத் தெளிக்கப்பட்ட காலம் அது. 2021-ல் வந்த ஆய்வில், ரத்தத்தில் ஒரு வகை டிடிடி அதிகமிருந்த பாட்டிகளின் பேத்திகளுக்குப் பருமனும் சீக்கிரம் பூப்படைவதும் அதிகமாக இருந்தது. இதைப் பரம்பரையாகக் கடந்தது என்று உடனே சொல்லிவிட முடியாது. பாட்டி கர்ப்பமாக இருந்தபோது வயிற்றிலிருந்த மகளின் சினைப்பையில் பேத்திக்கான கருமுட்டை ஏற்கெனவே உருவாகியிருக்கும். ஆக அந்த டிடிடி ஒரே நேரத்தில் மூன்று தலைமுறையின் மேலும் நேரடியாகவே பட்டிருக்கிறது. கர்ப்பிணிகள் விஷயத்தில் ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்பதற்கும் இதுதான் காரணம்.